செபெனே வரும் வரை காத்திருங்கள்: ஃபிராங்கோ வழியாகக் காங்கோ ரும்பாவுக்கு ஓர் அறிமுகம்

நான் முதன்முதலாகக் கேட்ட காங்கோ பாட்டை நாலாவது நிமிடத்திலேயே நிறுத்திவிட்டேன். இரண்டு மூன்று பேர் சேர்ந்து மெதுவாக, இனிமையாக எதையோ முறையிட்டுக்கொண்டிருந்தார்கள். மொழி புரியவில்லை. கிட்டார் பின்னால் சுற்றிச் சுற்றி வந்தது. சரி, இவ்வளவுதான் போல என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நாள் கழித்து, கையில் வேறு வேலை இருந்ததால் அதே பாட்டு நிறுத்துவாரில்லாமல் முழுசாக ஓடியது. பாதி தாண்டியதும் பாடகர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். கிட்டார்கள் முன்னுக்கு வந்தன. தாளம் இறுகியது. ஒரு சின்ன மெட்டுத்துண்டு திரும்பத் திரும்ப வந்து, சுற்றுக்குச் சுற்று சூடேறியது. பார்த்தால் கைவேலை நின்றுபோய், கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அந்த இரண்டாம் பாதிக்குச் செபெனே என்று பெயர். காங்கோ ரும்பா என்ற இசைக்குள் நுழைய இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும். அதை எனக்குப் புரியவைத்தவர் லுவாம்போ மக்கியாடி. ஃபிராங்கோ என்றுதான் ஆப்பிரிக்கா முழுவதும் அவரைத் தெரியும். பாடகர், கிட்டார் கலைஞர், பாட்டு கட்டுபவர், 33 வருடம் ஒரே இசைக்குழுவைக் கட்டிக் காத்த தலைவர். அவர் வாழ்க்கையைச் சொன்னால் அந்த இசை எப்படி வேலை செய்கிறது என்பதையும் சேர்த்தே சொன்னதாகிவிடும் என்பதால் இரண்டையும் பின்னியே சொல்கிறேன்.

ஆற்றின் இரு கரை

முதலில் ஊர். காங்கோ என்ற பெயரில் இரண்டு நாடுகள் இருக்கின்றன. நடுவே காங்கோ ஆறு. ஒரு கரையில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பிராசவீல். எதிர்க்கரையில் பெல்ஜியம் ஆண்ட லியோபோல்ட்வீல், 1966-க்குப் பிறகு அதுதான் கின்ஷாசா. இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரையின் கட்டடங்கள் தெரியும். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் படகேறி அங்கும் இங்கும் போய்வந்துகொண்டே இருந்தார்கள். இரு கரைக்கும் பொதுவாக லிங்காலா மொழி இருந்தது. ஆற்று வணிகத்திலும் படை முகாம்களிலும் வளர்ந்த அந்த மொழியில் பாடினால் பல இனத்தவருக்கும் புரியும்.

இந்த ஊருக்கு ரும்பா எப்படி வந்தது? வந்தது என்பதைவிடத் திரும்பி வந்தது என்று சொல்லலாம். காங்கோ ஆற்றுப் பகுதியிலிருந்து அடிமைகளாகப் பிடித்துச் செல்லப்பட்டவர்கள் தங்கள் தாளங்களையும் ஆட்டங்களையும் கியூபாவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அவை ஸ்பானிய கிட்டாரோடும் பாட்டோடும் கலந்து புது உருவம் எடுத்தன. ரும்பா என்ற சொல்லே, தொப்புளைக் குறிக்கும் 'ந்கும்பா' என்ற கிகோங்கோ மொழிச் சொல்லிலிருந்து வந்தது என்று காங்கோக்காரர்கள் சொல்வார்கள். ஆணும் பெண்ணும் இடுப்பு நெருங்க ஆடிய பழைய ஆட்டம் ஒன்றின் பெயர் அது. 1930-களில் கியூபா இசைத்தட்டுகள் ஆப்பிரிக்கச் சந்தைக்கு வந்தன. லியோபோல்ட்வீலில் கிராமபோன் வைத்திருந்த மதுக்கடைகளில் அவற்றைக் கேட்டவர்களுக்கு அது அந்நியமாகப் படவில்லை. ஸ்பானிய வரிகளுக்குப் பொருள் தெரியாவிட்டாலும் தாளம் உடம்புக்குத் தெரிந்திருந்தது. பியானோ இருந்த இடத்தில் கிட்டாரை வைத்தார்கள். ஸ்பானிய மொழி இருந்த இடத்தில் லிங்காலா வந்தது.

இந்த இசையைப் பரப்பிய முதல் இசைத்தட்டு நிறுவனங்கள் சில, லியோபோல்ட்வீலில் கடை வைத்திருந்த கிரேக்க வணிகர்களுடையவை. ங்கோமா என்று ஒன்று, லோனிங்கிசா என்று ஒன்று. ஆரம்பகாலத்தில் எல்லோரையும் கட்டிப்போட்ட பாட்டு வெண்டோ கொலோசோய் பாடிய 'மரி-லூயிஸ்', 1948-ல் வந்தது. நள்ளிரவில் அதைப் பாடினால் செத்தவர்கள் எழுந்து வருவார்கள் என்று ஊரில் ஒரு பேச்சே கிளம்பி, பாதிரிமார்கள் வரை அது விவகாரமாகிவிட்டது. அந்தப் பாட்டில் கிட்டார் வாசித்தவர் ஆன்ரி போவான். கிட்டார் தனியாக முன்னே வந்து ஆட்டத்துக்கு இழுக்கும் செபெனேவைப் பிரபலமாக்கியவர் என்று அவரைத்தான் சொல்வார்கள். அவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு தடவை வருவார்.

அம்மாவின் கடை

ஃபிராங்கோ 1938 ஜூலை 6 அன்று சோனா-பாத்தா என்ற சிற்றூரில் பிறந்தார். பிறந்த கொஞ்ச நாளிலேயே குடும்பம் லியோபோல்ட்வீலுக்கு வந்துவிட்டது. அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். மகனுக்குப் பத்துப் பதினோரு வயதிருக்கும்போது இறந்துபோனார். குடும்ப பாரம் அம்மா மேல் விழுந்தது. ங்கிரி-ங்கிரி பகுதிச் சந்தையில் அவர் மிகாத்தே சுட்டு விற்றார். மாவைப் புளிக்க வைத்து, உருண்டையாகக் கிள்ளி எண்ணெயில் போட்டுப் பொரித்தெடுக்கும் இனிப்பு அது. நம்ம ஊர் இனிப்பு போண்டாவை நினைத்துக்கொண்டால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும்.

பையன் தகர டப்பாவையும், உறை உரித்த மின்கம்பியையும் வைத்துத் தானே ஒரு கிட்டார் செய்துகொண்டான். அதை அம்மாவின் கடைப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தான். சத்தம் கேட்டு ஆட்கள் நிற்பார்கள். நின்றால் இரண்டு மிகாத்தே வாங்குவார்கள். பக்கத்தில் அதே பண்டத்தை விற்கும் இன்னும் நாலைந்து பேர் இருக்கும் சந்தையில், போகிறவர்களை நிற்கவைப்பதுதான் வியாபாரம்.

இந்தக் காட்சியில் நான் கொஞ்ச நேரம் நிற்க விரும்புகிறேன். ஃபிராங்கோவின் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு சுவையான சிறுவயதுக் கதையாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு அவருடைய இசை முழுவதுமே இங்கிருந்துதான் வந்ததாகத் தோன்றுகிறது. கடந்துபோகிறவனை நிறுத்த ஒரு மெட்டுத்துண்டு வேண்டும். அவன் நகர்ந்துவிடாமல் இருக்க அதையே திரும்ப வாசிக்க வேண்டும், அலுக்காத அளவுக்குக் கொஞ்சம் மாற்றியும் வாசிக்க வேண்டும். செபெனே செய்வதும் அதையேதான்.

தெருவில் இருந்த எபெங்கோ தேவையோன் என்ற கிட்டார்காரர் அவனுக்கு முறையாக வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். 1953-ல், பதினைந்து வயதில், லோனிங்கிசா நிறுவனத்துக்கு அவன் முதல் இசைத்தட்டைப் பதிவு செய்தான். அங்கே இசைப் பொறுப்பில் இருந்தவர் அதே ஆன்ரி போவான். பிரான்சுவா என்ற அவனுடைய கிறிஸ்தவப் பெயரை ஃபிராங்கோ என்று சுருக்கியவரும் அவர்தான்.

ஓகே ஜாஸ்

1956 ஜூன் 6 அன்று லோனிங்கிசாவில் வாசித்துக்கொண்டிருந்த சில இளைஞர்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கினார்கள். அவர்கள் வாசித்த மதுக்கடையின் பெயர் ஓகே பார். ஆஸ்கார் கஷாமா என்ற அதன் உரிமையாளர் பெயரின் முதலெழுத்துகள் அவை. குழுவுக்கு ஓகே ஜாஸ் என்று பெயர் வைத்தார்கள். இங்கே ஜாஸ் என்றவுடன் அமெரிக்க ஜாஸ் இசையைத் தேட வேண்டாம். அந்தக் காலத்து லியோபோல்ட்வீலில் சாக்ஸபோனும் கிட்டாரும் வைத்திருக்கும் எந்த நவீன இசைக்குழுவும் ஜாஸ்தான். உள்ளே வரும்போது ஓகே, வெளியே போகும்போது கேஓ, அதாவது குத்துச்சண்டையில் விழுந்த மாதிரி என்று ஒரு வார்த்தை விளையாட்டைக் குழு தன் கொள்கையாக வைத்துக்கொண்டது. அதையே பாட்டாகவும் பதிவு செய்தார்கள்.

தொடக்கத்தில் விக்கி லொங்கொம்பா, ழான் செர்ஜ் எஸ்ஸூ, எதோ ங்காங்கா போன்றவர்களும் ஃபிராங்கோவுக்குச் சமமாக இருந்தார்கள். பலர் அக்கரைப் பிராசவீல்காரர்கள். அரசியல் சூடு ஏறிய 1959-ல் அவர்களில் சிலர் ஆறு கடந்து போய் 'பாந்து த லா காப்பித்தால்' என்ற புதுக் குழுவைத் தொடங்கினார்கள். ஆட்கள் போக, புதிதாக ஆட்கள் வர, நடுவில் ஃபிராங்கோ மட்டும் அப்படியே இருந்தார். 1960-கள் முடியும்போது குழு அவர் பெயரோடு ஒட்டிவிட்டது.

எதிரணியில் ஜோசப் கபசெலேயின் ஆஃப்ரிக்கன் ஜாஸ் இருந்தது. நாட்டு விடுதலைப் பேச்சுக்காக 1960 தொடக்கத்தில் தலைவர்கள் பிரஸ்ஸல்ஸ் போனபோது கபசெலே தன் குழுவோடு அங்கே இருந்தார். ஓகே ஜாஸின் விக்கியும் அவரோடு போனார். அங்கே பிறந்த 'இண்டிபெண்டன்ஸ் ச்சா ச்சா' ஆப்பிரிக்க விடுதலைக் காலத்தின் பாட்டாகவே ஆகிவிட்டது. கபசெலே படித்தவர், நாகரிகமானவர். அவர் குழுவின் கிட்டார் கலைஞர் டாக்டர் நிக்கோ வாசித்தால் ஒவ்வொரு சுரமும் தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும்.

ஃபிராங்கோ அப்படி வாசிக்கவில்லை. கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் கம்பியைப் பிடுங்கி வாசிப்பார், பெரும்பாலும் இரண்டு கம்பிகளைச் சேர்த்தே. ஒலி முரடாக, உலோகம் உலோகத்தில் மோதுவது மாதிரி இருக்கும். அலங்காரம் குறைவு, அழுத்தம் அதிகம். உள்ளூர்க் கட்டைவிரல் வாத்தியமான லிகெம்பேயின் ஒலி அதில் கேட்கிறது என்று எனக்குத் தோன்றும். ஓகே ஜாஸின் இந்தப் பாணிக்கு ஒதெம்பா என்று பெயர். உடம்புக்கு வீரியம் தரும் என்று மக்கள் நம்பும் ஒரு மரப்பட்டையின் பெயர் அது. மற்றவர்கள் கியூபாவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒதெம்பா கிராமத்தைப் பார்த்தது. ரசிகர்கள் அவரைக் கிட்டார் மந்திரவாதி என்று அழைத்தார்கள்.

கிட்டார்களைப் பிரித்துக் கேட்பது எப்படி

ஒரு காங்கோ குழுவில் சாதாரணமாக மூன்று கிட்டார்கள் இருக்கும், அடித்தளத்துக்கு பேஸ் கிட்டார் தனி. முதல் கிட்டார் தாளக் கிட்டார். அது பின்னல் கூடை மாதிரி, கடைசிவரை ஒரே பின்னலைப் பின்னிக்கொண்டே இருக்கும். மேலே சோலோ கிட்டார், கூவுகிற குரல் அதனுடையது. இந்த இரண்டுக்கும் நடுவே மிசோலோ என்று ஒன்று உண்டு. பிரெஞ்சில் 'மி' என்றால் பாதி. பாதி தாளம், பாதி சோலோ. சோலோ விட்ட இடைவெளியில் இது புகுந்து பதில் சொல்லும், தாளக் கிட்டாரின் மேல் இன்னொரு நூலை ஓட்டும். மூன்றும் சேர்ந்து ஒலிக்கும்போது எது எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. முதல் முறை கேட்கும்போது எல்லாம் ஒரே கிட்டாராகத்தான் காதில் விழும். ஹெட்ஃபோன் போட்டு, குரலை மறந்துவிட்டு, இடது காதில் வருவதை மட்டும் ஒரு நிமிடம் பின்தொடருங்கள். அப்புறம் வலது காது. பின்னல் பிரிய ஆரம்பிக்கும்.

பாட்டின் அமைப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் பாதியில் கதை. பாடகர் ஒருவர் தன் குறையைச் சொல்வார், மற்றவர்கள் சேர்ந்து இணையொலியில் அதை வாங்கிப் பாடுவார்கள். சாக்ஸபோனும் டிரம்பெட்டும் வரிகளுக்கு இடையில் பதில் சொல்லும். அப்புறம் ஒரு திருப்பம், செபெனே. கதை முடிந்து ஆட்டம் தொடங்கும். செபெனே என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல கதைகள் உண்டு. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையிலிருந்து வந்த கிட்டார்காரர்கள் 'செவன்' என்று ஒரு சுரக்கூட்டைச் சொன்னார்கள், அது மருவிச் செபெனே ஆனது என்பது அதில் ஒன்று.

இந்த இரட்டை அமைப்பு வளர்ந்ததில் இசைத்தட்டுக்கும் பங்கு உண்டு. 1950-களின் 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கும், அதனால் செபெனே சின்ன வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு வந்த 45 சுற்றுத் தட்டில் ஒரே பாட்டை இரண்டு பக்கத்துக்கும் பிரித்தார்கள். ஒரு பக்கம் கதை, தட்டைத் திருப்பிப் போட்டால் ஆட்டம். 1980-களின் பெரிய தட்டுகளில் ஒரு பாட்டுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைத்தது. ஃபிராங்கோவின் மிகப் பெரிய பாட்டுகள் அந்தக் காலத்தவை.

சாடை

லிங்காலாவில் ம்ப்வாகெலா என்று ஒரு சொல் உண்டு. ஒருவரைப் பெயர் சொல்லாமல், வேறு எதையோ பேசுவது மாதிரி குத்துவது. இதைத் தமிழருக்கு விளக்கவே வேண்டாம், சாடை பேசுவது என்றால் எல்லாருக்கும் தெரியும். மருமகள் காதில் விழும்படி மாமியார் பூனையைத் திட்டுவாளே, அதேதான். ஃபிராங்கோ இந்தச் சாடையை ஒரு கலையாக ஆக்கினார். நாடு இருந்த நிலைமையில் அதற்குத் தேவையும் இருந்தது.

1960 ஜூன் 30-ல் விடுதலை. 1961 ஜனவரியில் முதல் பிரதமர் பத்ரிஸ் லுமும்பா கொல்லப்பட்டார். ஃபிராங்கோ அவருக்கு இரங்கல் பாட்டு பதிவு செய்தார். 1965 நவம்பரில் படைத்தலைவர் மொபுட்டு ஆட்சியைப் பிடித்தார். அடுத்த ஆண்டு ஜூன் 2 அன்று முன்னாள் அமைச்சர்கள் நால்வரைச் சதிக் குற்றம் சாட்டிக் கின்ஷாசாவில் பெருங்கூட்டத்தின் முன் தூக்கிலிட்டார்கள். அதற்குப் பிறகு ஃபிராங்கோவின் 'லுவும்பு ந்தோக்கி' வந்தது. லிங்காலாவில் அல்லாமல் தன் தாய்மொழியான கிகோங்கோவில் பாடினார். சொந்தக்காரர்களையே பலி கொடுக்கும் சூனியக்காரன் லுவும்புவைப் பற்றிய பழங்கதை அது. பாட்டில் அரசியல் ஒரு வார்த்தை கிடையாது. ஊர் முழுக்க யாரைச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டது, அரசுக்கும் புரிந்தது. பாட்டு நிறுத்தப்பட்டது. ஃபிராங்கோ கொஞ்ச காலம் ஆறு கடந்து பிராசவீலில் இருந்தார்.

இந்த இடத்தில் அவரை ஒரு போராளியாக வரைந்துவிட்டால் கதை சுலபமாக இருக்கும். அது உண்மையாக இருக்காது. 1971-ல் மொபுட்டு நாட்டுக்கு ஸாயிர் என்று பெயர் மாற்றினார். கிறிஸ்தவப் பெயர்களை விட்டு ஆப்பிரிக்கப் பெயர்களை வைத்துக்கொள்ளச் சொன்னார். பிரான்சுவா, லுவாம்போ மக்கியாடி ஆனார். 'ஆதன்திசித்தே' என்ற அந்தக் கொள்கையைப் புகழ்ந்து ஃபிராங்கோ பாட்டுகள் பாடினார், நாடு முழுக்கப் பயணம் போனார். குழுவின் பெயருக்கு முன்னால் 'து ப்யூஸ்ஸான்' என்ற அடைமொழி சேர்ந்தது. எல்லாம் வல்ல என்று பொருள். அதைத்தான் டிபி ஓகே ஜாஸ் என்று சுருக்குகிறார்கள். வெளிநாட்டார் தொழில்களை அரசு பறித்துத் தன் ஆட்களுக்குக் கொடுத்தபோது ஃபிராங்கோவுக்கு மசாதிஸ் என்ற இசைத்தட்டு ஆலை கிடைத்தது. மதோங்கே பகுதியில் அன்-தூ-த்ருவா என்ற தன் சொந்த இசைவிடுதியையும் கட்டினார். 1984-ல் மொபுட்டு ஒருவரே வேட்பாளராக நின்ற தேர்தலுக்கு 'கந்திதா ந பிசோ மொபுட்டு' பாடியதும் ஃபிராங்கோதான். நம்ம வேட்பாளர் மொபுட்டு என்று அர்த்தம்.

அதே மனிதரை 1978-ல் அதே அரசு சிறையில் போட்டது. 'எலேன்', 'ஜாக்கி' என்ற இரண்டு பாட்டுகள் ஆபாசம் என்று வழக்கு. குழுவில் பலரும் சேர்ந்து உள்ளே போனார்கள். அப்போது அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர் கெங்கோ வ தொந்தோ. சில வருடம் கழித்து, கெங்கோ அந்தப் பதவியில் இல்லாதபோது, 'தய்யேர்' என்றொரு பாட்டு வந்தது. பிரெஞ்சில் தையல்காரர் என்று பொருள். ஊசியின் சொந்தக்காரன் ஊசியைத் திரும்ப வாங்கிக்கொண்டானே, தையல்காரரே, இனி எதை வைத்துத் தைக்கப் போகிறாய் என்பது அதன் கரு. யாருடைய பெயரும் பாட்டில் இல்லை. கின்ஷாசாவில் அதைக் கேட்டவர்கள் கெங்கோவின் பெயரைத்தான் சொன்னார்கள்.

நான் இந்த இரண்டு ஃபிராங்கோக்களையும் சமரசம் செய்ய முயன்று விட்டுவிட்டேன். நாற்பது பேர் வரை சம்பளம் வாங்கும் குழுவைச் சர்வாதிகாரியின் ஊரில் நடத்த வேண்டியிருந்தது. புகழ்ந்த பாட்டை முழுக் குரலில் புகழ்ந்தார், குத்திய பாட்டைச் சாடையாகக் குத்தினார். மொபுட்டுவைப் புகழ்ந்ததை நான் நியாயப்படுத்த மாட்டேன். அது இல்லாத மாதிரி அவர் கதையைச் சொல்லவும் மாட்டேன்.

விளம்பரப் பாட்டுகளும் உண்டு. 1973-ல் வந்த 'அஸ்தா' கின்ஷாசாவில் ஃபோக்ஸ்வேகன் கார் விற்ற நிறுவனத்துக்காகச் செய்த பாட்டு. குழுப் பாடகர்கள் 'வே-வே, வே-வே' என்று தாலாட்டு மாதிரி இழுத்துப் பாடும் பல்லவி, அந்தக் காரின் முதலெழுத்துகளான வி, டபிள்யூவைப் பெல்ஜியப் பிரெஞ்சு உச்சரிப்பில் சொல்வதுதான். இது தெரிந்த பிறகும் அந்தப் பாட்டின் அழகு எனக்குக் குறையவில்லை. கார் வாங்க வாய்ப்பே இல்லாத நாடுகளில்கூட அதை ஆடித் தீர்த்தார்கள்.

அவர் மட்டுமா?

ஓகே ஜாஸை ஃபிராங்கோவின் தனிமனிதச் சாதனையாக நினைப்பது புதிதாகக் கேட்பவர்கள் செய்யும் தவறு. 1961-ல் சேர்ந்த சிமாரோ லுதும்பாவைக் கவிஞர் என்றே அழைப்பார்கள். அவர் தாளக் கிட்டார் வாசித்தார், குழுவின் இரண்டாம் தலைவராக இருந்தார். சாம் மங்வானா பாடிய 'மபேலே' சிமாரோ எழுதியது. மபேலே என்றால் மண். சாவைப் பற்றி இவ்வளவு அமைதியாகப் பேசும் ஒரு நடனப் பாட்டை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. சாக்ஸபோனுக்கு வெர்க்கிஸ் இருந்தார், 1960-களின் முடிவில் பிரிந்துபோய்ச் சொந்தக் குழு கண்டார். ஜோஸ்கி கியம்புகுதா, ந்தெசா தாலியென்ஸ்ட், யூலு மபியாலா என்று ஒரு பட்டியலே போகும். போனவர்களில் பலர் திரும்பவும் வந்தார்கள், ஃபிராங்கோவும் சேர்த்துக்கொண்டார். பல வருடம் போட்டியாளராக இருந்த தபு லே ரோஷ்ரோவோடு 1983-ல் சேர்ந்து பாட்டுகள் பதிவு செய்தார். அதே வருடம் முதன்முதலாக அமெரிக்காவிலும் மேடையேறினார்.

சொந்தத் துக்கத்தையும் பாட்டாக்கியிருக்கிறார். அவருடைய தம்பி பவோன் மரி-மரி, நெக்ரோ சுக்செ என்ற குழுவின் நட்சத்திரக் கிட்டார் கலைஞர். 1970-ல் கார் விபத்தில் இறந்துபோனார். அண்ணன் பாடிய இரங்கல் 'கின்சியோனா'. எப்போதும் கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிற குரல் அதில் தனியாக உட்கார்ந்திருப்பது மாதிரி கேட்கும்.

மாரியோ

1985-ல் வந்த 'மாரியோ'தான் அவருடைய பாட்டுகளில் அதிகம் பேர் அறிந்தது. படித்த இளைஞன் மாரியோ, வேலை தேடாமல் தன்னைவிட வயதில் மூத்த, வசதியுள்ள பெண் ஒருத்தியின் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அவள் துணி வாங்கிக் கொடுக்கிறாள், காரைக் கொடுக்கிறாள். அவன் சண்டை போடுகிறான். அவளுக்குச் சலித்துப்போய்விட்டது. இதுதான் கதை. மதிலு சிஸ்டம் என்ற பாடகரின் மெல்லிய, கெஞ்சுகிற குரல் ஒரு பக்கம். மறுபக்கம் ஃபிராங்கோவின் கனத்த குரல், பாடுவதைவிடப் பேசுகிறது, பஞ்சாயத்தில் பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு விசாரிப்பது மாதிரி. பின்னால் கிட்டார்கள் ஒரு நொடியும் நிற்காமல் சுழல்கின்றன. அவர் திட்டத் திட்ட நமக்கு ஆட வேண்டும் போலிருக்கும். பாட்டு வந்த பிறகு, பெண்ணின் காசில் வாழும் ஆணுக்கு அந்த ஊரில் மாரியோ என்றே பெயராகிவிட்டது.

மொழி தெரியாதவர்களுக்கு ஒரு ஆறுதல். லிங்காலாவுக்கு நடுவே அவர் பேசும் பிரெஞ்சுச் சொற்களும், குரல் ஏறி இறங்குவதும், பாடகர்கள் சேர்ந்து முறையிடுவதும் யார் யாரோடு மல்லுக்கு நிற்கிறார்கள் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1987-ல் அவர் சாடையை முழுவதுமாகக் கைவிட்டுப் பாடிய பாட்டு 'அத்தான்ஸியோன் ந சிதா'. எய்ட்ஸ் நோய் குறித்த எச்சரிக்கை. அந்த நோயின் பெயரைச் சொல்லவே பலர் கூசிய காலம். இவர் கால் மணி நேரம் போல அதைப் பற்றியே பேசுகிறார். இளைஞர்கள், பெற்றோர், ஆசிரியர், மருத்துவர், அரசு என்று ஒவ்வொருவராக அழைத்துச் சொல்கிறார். நோயாளியைத் தள்ளி வைக்காதீர்கள் என்கிறார். எல்லை தாண்டியும் புரிய வேண்டும் என்று நிறையப் பகுதி பிரெஞ்சில். வாழ்நாளெல்லாம் பெயர் சொல்லாமல் பேசிப் பழகிய ஒருவர் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்ப உரக்கச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனக்கிறது.

அவரும் அப்போது உடல் நலிந்துகொண்டிருந்தார். மேடையை நிறைத்த பருத்த உடம்பு கரைந்துபோனது. ஊரில் வதந்திகள் கிளம்பின, அவர் மறுத்தார். 1989 செப்டம்பரில் ஆம்ஸ்டர்டாம் மேடையில் குழு வாசித்தபோது மெலிந்த உருவமாகச் சற்று நேரம் தோன்றினார். அக்டோபர் 12 அன்று பெல்ஜியத்தின் நாமூர் நகரில் இறந்தார். வயது 51. உடல் கின்ஷாசாவுக்கு வந்தது. அரசு நான்கு நாள் துக்கம் அறிவித்தது, வானொலி அவர் பாட்டுகளையே போட்டுக்கொண்டிருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளை விட்டுப் போயிருக்கிறார் என்பார்கள்.

குழுவைச் சிமாரோ சில ஆண்டுகள் நடத்தினார். 1990-களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு ஒத்துப்போகாமல் கலைஞர்கள் பிரிந்து, 'பனா ஓகே' என்ற பெயரில் தனியாக வாசிக்கத் தொடங்கினார்கள். ஓகேயின் பிள்ளைகள் என்று அர்த்தம். 2021 டிசம்பரில் யுனெஸ்கோ காங்கோ ரும்பாவை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆற்றின் இரு கரை நாடுகளும் சேர்ந்தே அதற்கு விண்ணப்பித்திருந்தன.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், 'அஸ்தா'வில் தொடங்குங்கள். குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று எப்படி ஏறி உட்கார்கின்றன என்று பிடிபடும். அப்புறம் 'மபேலே'. அதற்குப் பிறகு 'மாரியோ', ஒரே மூச்சில், முழுசாக. கதை நீளமாகத் தோன்றினால் தள்ளி ஓட்டிவிடாதீர்கள். அந்தப் பெண்ணின் அலுப்பு நமக்கும் கொஞ்சம் ஏற வேண்டும். ஃபிராங்கோ பேசிக்கொண்டே இருப்பார். பாடகர்கள் மெல்லப் பின்வாங்குவார்கள், மிசோலோ ஒரு சின்ன வளையத்தைச் சுற்ற ஆரம்பிக்கும்.